இடுப்பளவுத் தண்ணி

“தண்ணிக்குள்ள நடக்கவேணும்” என்று பிசியோ மிஸ் சொன்னபோது ஜவுபர் தன்னுடைய முழங்காலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி சுபைறாவைத்தான் பார்த்தார்.

சிறுபோக நெல்லுக்கு உழவு தொடங்கிய நாளில் உழவு மெசினின் மட்காட்டில் குந்திக்கொண்டு போனவர், சில்லு வரம்பில் ஏறிக் குலுங்கியதில் கீழே விழுந்துவிட்டார். வலது முழங்காலுக்கு மேலே முறிவு. தகடு வைத்தார்கள், தையல் பிரித்தார்கள், எலும்பும் பொருந்திவிட்டது. ஆனால் கால் மடங்கமாட்டேன் என்றது. பள்ளிவாசலில் கதிரையில் இருந்து தொழுதார். வரம்பில் இறங்க வழியில்லை. மாவடிப்பள்ளிப் பக்கம் ஓட்டோவில் போய், றோட்டில் நின்றபடி தன்னுடைய வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பிசியோ மிஸ்ஸின் பெயர் கிருசிகா. பாண்டிருப்புப் பிள்ளை. கல்முனையில் அவள் பார்க்கும் நோயாளிகளில் பாதிப்பேர் அவளுடைய தகப்பன் வயதுக்காரர்கள்.

“நிலத்தில நடந்தா முழங்கால் முழுப் பாரத்தையும் தாங்கணும் ஐயா. அதுதான் நோகுது, நோகுறதாலதான் மடக்காம விடுறீங்க. இடுப்பளவு தண்ணிக்க நிண்டா பாரம் குறைஞ்சிரும். ஓட்டம் இல்லாத இடமாப் பாத்து ஒவ்வொரு நாளும் நடங்க. தனிய மட்டும் இறங்க வேணாம், ஆராவது பிடிச்சிக்கொள்ளணும்.”

“இறங்காட்டி?”

“இப்பிடியே இறுகிரும். மறுகா திருப்பி ஒப்பரேசன். அதிலயும் சரிவரும் எண்டு நான் சொல்லமாட்டன்.”

ஓட்டோவில் திரும்பி வரும்போது ஓட்டோக்காரன் றிஸ்மி கண்ணாடிக்குள்ளால் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “நான் கடலுக்குக் கூட்டிட்டுப் போறன் காக்கா, இப்ப கடல் குளம் மாதிரிக் கிடக்கு” என்றான். அவனுடைய வீடும் இவர்களுடைய தெருவில்தான்; ஜவுபரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவான்.

சுபைறாவின் தண்ணீர்ப் பயம் கல்முனைக்குடியில் அந்தத் தெரு முழுவதும் தெரிந்த விஷயம். வாளியில் இருந்து சின்னக் கோப்பையால் மொண்டு தோளில் வார்ப்பாள், தலையில் ஊற்றமாட்டாள். கூந்தலைப் பின்னால் சரித்து, மகள் றுமானா பிடித்துக்கொள்ள, ஈரக் கையால் தடவிக் கழுவுவாள். தொழுகைக்கு வுளுச் செய்யும்போது முகத்துக்கு வந்ததும் ஒரு கை பைப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கிணற்றைத் தகரத்தால் மூடி வைத்திருந்தார்கள். மாரியில், றோட்டில் தாழ்வாகக் கட்டிய தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு அவள் முற்றத்துக்கும் இறங்கமாட்டாள். கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு கடற்கரைக்குப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன.

இவ்வளவுக்கும் ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. சுனாமி. யார் கேட்டாலும் பக்கத்து வீட்டுக்காரிகள் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் சுபைறா அன்றைக்கு ஊரிலேயே இல்லை. சவூதியில், தம்மாமில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். வீட்டுக்காரரின் டீவியில் தண்ணீர் வருவதைக் காட்டினார்கள்; அது எந்த நாடு என்றுகூட முதலில் அவளுக்குத் தெரியவில்லை. சில நாள் கழித்துத்தான் டெலிபோன் வந்தது. உம்மாவும் தங்கச்சி றாஹிலாவும் மௌத்து. உம்மாவை அடக்கியாகிவிட்டது. றாஹிலாவின் மையித்துக் கிடைக்கவேயில்லை.

அவள் திரும்பி வந்தபோது கடற்கரையில் வீடு இருந்த இடத்தில் மணல் கிடந்தது. மெயின் றோட்டுக்கு மேற்கே கட்டிக்கொடுத்த திட்ட வீடுகளில் ஒன்று அவள் பெயருக்குக் கிடைத்தது. அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான் ஜவுபர். அந்தக் காலம் முழுக்க அவள் தலையில் தண்ணீர் ஊற்றித்தான் குளித்தாள். றுமானா தவழத் தொடங்கிய பிறகு, விசேஷம் ஒன்றும் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, வாளியைத் தூக்கியவளால் அதைத் தலைக்குமேலே சரிக்க முடியவில்லை. ஏன் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னாள். பிறகு ஊர் சொன்ன காரணத்துக்கே ஓம் போட்டுவிட்டாள். அது லேசாக இருந்தது.

ஜவுபர் அந்தப் பயத்தோடு நன்றாகவே குடித்தனம் நடத்தினார். தண்ணீர் அள்ளுவதும், பானை நிரப்புவதும், மாரி நாட்களில் வயலை விட்டுவிட்டு அவளோடு வீட்டில் இருப்பதும் அவருடைய வேலை. “நான் இல்லாட்டி இவ பாடு என்னெண்டு நினைக்கிறீங்க?” என்று வருகிறவர்களிடம் சொல்லுவார். சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும்.

றிஸ்மி சொன்னபடி அடுத்த நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவரைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடல் குளம் மாதிரித்தான் கிடந்தது. ஆனால் எங்கிருந்தோ ஒரு சின்ன அலை வந்து இரண்டு பேரையும் தட்டிவிட்டுப் போனது. றிஸ்மி அந்தக் கணமே தூக்கிவிட்டான். ஜவுபர் கொஞ்சம் உப்புத் தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர், வாய் கொப்பளித்துவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார்.

“அவனுக்குப் புடிக்கத் தெரியா. இனி அவனோட போகமாட்டன்.”

“வேற ஆரயும் கூப்பிடுவமா வாப்பா?” என்றாள் றுமானா.

“ஆரும் ஒண்ணா, ஒருத்தரும் வேணாம். உம்மா புடிச்சா இறங்குவன். இல்லாட்டி விடுங்க.”

இதைக் கேட்டுச் சுபைறா சிரித்தாள். அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தாள். ஆனால் அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்து பார்த்த சொந்தக்காரர்களிடமும் சொன்னார். “சுபைறா புடிச்சா நான் இண்டைக்கே இறங்குவன். அவக்கு ஏலா. என்ன செய்யிற?” வந்தவர்கள் சுபைறாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்தது. பகல் முழுக்க வெக்கையும் தூசியும். ஜவுபர் ஜன்னலோரம் காலை நீட்டிப் படுத்திருந்தார். கால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது.

ஒரு காலையில் அடுப்படியில் சுபைறா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். றுமானா சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“உம்மா, நான் ஒண்டு சொன்னா ஏசக்கூடா.”

“சொல்லு.”

“நீங்க ஒருநாளும் இறங்கமாட்டீங்க எண்டு வாப்பாக்குத் தெரியுந்தானே?”

“ஓம். தெரியாம என்ன?”

“அப்ப என்னத்துக்கு ஒங்களத்தான் வேணும் எண்டுறாரு?”

சுபைறாவின் கை நின்றது. அரைகுறை இடியப்பத்தைத் தட்டிலேயே விட்டாள். இடியப்ப உரலைக் கையில் பிடித்தபடியே முன்னறைக்கு வந்தாள்.

“மச்சான், ஒண்டு கேக்கன். அல்லாஹ்வுக்காக உண்மையச் சொல்லுங்க. அண்டைக்குக் கடல்ல விழுந்த நேரம் பயந்து போனீங்களா?”

“நானா? நான் குளத்தில நீந்தி வளந்த ஆள் புள்ள.”

“நான் அதக் கேக்கல்ல.”

ஜவுபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “காலுக்குக் கீழ மண் ஓடிட்டு. பிடிக்க ஒண்டும் இல்ல. அது பயமெண்டு இல்ல…”

“றிஸ்மி மாடு மாதிரி ஆள். அவன் புடிச்சா ஒங்களுக்கு நம்பிக்க இல்ல. மூஞ்சயக் கழுவவே நடுங்குற நான் புடிச்சா நம்பிக்க. இது என்ன கதை?”

“நீ எண்டா எனக்கு ஒரு நம்பிக்கதான்.”

“நான் வரமாட்டன் எண்டுறதுதான் ஒங்கட நம்பிக்க. என்னயச் சாட்டி நீங்க இப்பிடியே படுத்துக் கிடக்கப் பாக்கிறீங்க. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? பொண்டாட்டிட பயத்தாலதான் ஜவுபர்ர கால் போச்சுதெண்டு சொல்லும். ஒங்களுக்கும் பயம் எண்டு ஒரு ஆளுக்கும் தெரியவராது.”

அவருடைய காது மடல் சிவந்திருந்தது. மெல்லிய குரலில், ஆனால் சண்டைக்கு இழுக்கிற மாதிரிக் கேட்டார்.

“அப்ப இறங்குவியா?”

“ஓம்” என்றாள் சுபைறா.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு விளங்கியது. அடுப்படிக்குத் திரும்பி வந்து இடியப்ப உரலை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் இன்னும் இருந்தது. அந்தக் கோபம் நாளைக்கும் இருக்குமா என்பதுதான் அவளுக்குப் பெரிய யோசனையாக இருந்தது.

எங்கே இறங்குவது என்பது அடுத்த பிரச்சினை. கடல் இரண்டு பேருக்கும் சரிவராது. மாவடிப்பள்ளி ஆற்றில் முதலை. கடைசியில் வயலுக்குப் பக்கத்தில் ஓடும் பெரிய வாய்க்கால் ஜவுபருக்கு ஞாபகம் வந்தது. அவருடைய வயலோடு வரம்பு தொட்டாற்போல வீரமுனைக் கனகரெத்தினத்தின் வயல். அந்த வயல் மூலையில், தண்ணீரைத் திறந்து மூடும் துருசுக்குக் கீழே, வாய்க்கால் அகன்று ஒரு மடுப்போல நிற்கும். இறங்கச் சீமெந்துப் படி உண்டு. வேலை முடிந்து குளிக்கிற இடம்.

இரண்டு பேரும் ஓட்டோவில் கேட்கப் போனபோது கனகரெத்தினம் வரம்பில் நின்று உரம் வீசிக்கொண்டிருந்தார். றிஸ்மியை அனுப்பிக் கூப்பிட்டதும் கையைக் கழுவிக்கொண்டு றோட்டுக்கு வந்தார். ஜவுபரைவிடக் கொஞ்சம் மூத்தவர். தலையில் துவாயைக் கட்டியிருந்தார்.

“இதுக்கு என்ன கேள்வி ஜவுபர்? வாய்க்கால் என்ட அப்பன்ட சொத்தா? வந்து இறங்குங்க. ஆர் புடிக்கிற?”

“இவதான்.”

கனகரெத்தினம் சுபைறாவைப் பார்த்தார். அவள் ஓட்டோவுக்குள் இருந்து கீழே இறங்கவேயில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, தூரத்தில் வெயிலில் மினுங்கிய வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கதையை அவரும் கேள்விப்பட்டிருந்தார் போல.

“நாளைக்கு வாங்க தங்கச்சி” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் போனபோது மடுவைச் சுற்றித் தென்னோலைக் கிடுகால் மறைப்புக் கட்டியிருந்தது. உள்ளே உடுப்பு மாற்ற ஒரு ஒதுக்கும் வைத்திருந்தார்.

“என்னண்ணே இது?” என்றார் ஜவுபர்.

“கச்சான் காத்து, தூசி வந்து கொட்டும் எண்டு கட்டின. வேற ஒண்டுமில்ல. நான் அங்கால வயலுக்குள்ள நிக்கன். தேவையெண்டா ஒரு சத்தம் போடுங்க.”

சுபைறா சல்வாருக்கு மேலே தடித்த நீளச் சட்டை போட்டு, தலைச்சீலையை இறுகக் கட்டியிருந்தாள். றுமானா கரையில் துவாயோடு நின்றாள். ஜவுபர் சாறனை மடித்துக்கட்டி, அதற்கு மேலே அகலமான இடுப்புவார் போட்டிருந்தார். அந்த வாரைச் சுபைறா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பிஸ்மில்லாஹ். கால வைங்க.”

“நீ வை முதல்ல.”

“நீங்க வைங்க மச்சான்.”

“ரெண்டு பேரும் சேந்து வைங்களேன்!” என்றாள் றுமானா.

முதல் படி பாசியாக இருந்தது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. மேல் தண்ணீர் வெயிலில் சுட்டிருந்தது, அடித்தண்ணீர் குளிர்ந்தது. ஏதோ சின்ன மீன்கள் கால்விரலைக் கொத்தின. அவள் “யா அல்லாஹ்” என்று கத்தியதில் ஜவுபர் ஆடிப்போனார். அவர் ஆடியதும் அவள் வாரை இன்னும் இறுக்கினாள். யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த றுமானாவுக்கே தெரியவில்லை. முழங்கால். தொடை. ஒவ்வொரு படிக்கும் சுபைறா “கால வைங்க, கால வைங்க” என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லுவதை நிறுத்தினால் திரும்பி ஓடிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

தண்ணீர் வயிற்றைத் தொட்டபோது மூச்சு நின்றது. சொல்லிக்கொண்டிருந்த சொல்லும் நின்றது. ஜவுபரும் அப்படியே நின்றார். இரண்டு பேரும் நடு மடுவில் நட்டுவைத்த கட்டைகள் மாதிரி நின்றார்கள். காற்று வந்து கிடுகைச் சரசரக்க வைத்துவிட்டுப் போனது.

அங்காலிருந்து கனகரெத்தினத்தின் குரல் வந்தது.

“என்ன ஜவுபர், சத்தத்தக் காணல்ல? இறங்கிட்டீங்களா?”

“இறங்கிட்டம் அண்ணே.”

“மறுகா?”

“மறுகா என்ன செய்யிறதெண்டு தெரியல்ல.”

றுமானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் சுபைறாவின் மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தது. “மடக்குங்க” என்றாள். ஜவுபர் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கினார். தண்ணீருக்குள் அது கொஞ்சம் மடங்கியது. நோகவில்லை. அவர் ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்தார். “மடங்குது புள்ள” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுபைறா நடுங்கிக்கொண்டு போர்த்திப் படுத்தாள். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை. இனி மாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் வீட்டில் இரண்டு பேரும் நினைத்தார்கள். எழும்பி வந்தவள், “நாளைக்கும் அந்த நேரந்தானா?” என்று கேட்டாள்.

அப்படியே நாட்கள் போயின. காலையில் புட்டும் கூனிச் சம்பலும் கட்டிக்கொண்டு போவார்கள். தண்ணீரில் நடந்துவிட்டுக் கரையில் இருந்து சாப்பிடுவார்கள். கனகரெத்தினம் சிலவேளை பனையான் மீன் பிடித்துக் கொடுத்துவிடுவார். நெல் முழங்கால் உயரத்துக்கு வந்து, பச்சை இருண்டு, பொதி கட்டத் தொடங்கியது. ஜவுபரின் கால் கதிரையில் இருக்கும் அளவுக்கு மடங்கியது. பிறகு படி ஏறும் அளவுக்கு. கிருசிகா காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஆர் ஐயா பிடிச்சது?” என்று கேட்டாள். “இவதான்” என்றார் ஜவுபர். இந்த முறை அதைச் சொல்லும்போது அவருடைய குரல் என்னவோ மாதிரி இருந்தது.

ஏனென்றால் அதற்குள் சுபைறாவிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. அவரைக் கரையேற்றி இருத்திய பிறகும் அவள் தண்ணீரிலேயே நின்றாள். முதலில் கொஞ்ச நேரம். பிறகு நெடுநேரம். கழுத்தளவுக்குப் போய், கையை விரித்து நின்றாள். தலையை மட்டும் நனைப்பதில்லை. “வாவன் புள்ள, வெயில் ஏறுது” என்று ஜவுபர் கூப்பிட்டால், “நீங்க சாப்பிடுங்க” என்பாள். வீட்டில் கிணற்றுத் தகரத்தை அவளே எடுத்துவிட்டாள். தண்ணீரும் அவளே அள்ளினாள். ஜவுபர் வாளியைத் தேடிக்கொண்டு போனால் அது நிறைந்திருக்கும்.

“கால் சரியாயிட்டுத்தானே, இனி வாய்க்காலுக்கு என்னத்துக்கு?” என்று ஒருநாள் கேட்டார்.

“மிஸ் இன்னும் கொஞ்சம் நடக்கச் சொன்னாத்தானே.”

“அது எனக்கு. நீ என்னத்துக்கு நிக்க?”

“தெரியா மச்சான்” என்றாள் சுபைறா.

அது உண்மையான பதில்தான். அவளுக்குத் தெரியவில்லை. பயம் வந்த நாளில் எப்படிச் சொல்லாமல் வந்ததோ, அப்படியே சொல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்காகச் சந்தோஷப்படவேண்டும் என்று நினைத்தாள். ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம் இல்லை. கூட இருந்த ஆள் ஒன்று வீட்டைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டு ஹாஜறா ஒரு பின்னேரம் வந்து அடுப்படிப் பலகையில் இருந்தாள். றாஹிலாவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவளின் அக்கா. சுபைறா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள்.

“ஊர்ல கதைக்காங்க சுபைறா. நான் கோள் சொல்லுறன் எண்டு நினைக்காத.”

“என்ன கதைக்காங்க ராத்தா?”

“மாப்பிளயப் புடிக்கப் போனது சரி. அது ஒரு கடமை. மறுகா என்னத்துக்கு இந்த வயசில வாய்க்காலுக்க கிடக்கிற? அதுவும்…” ஹாஜறா கோப்பையைக் கீழே வைத்தாள். “கடல் கொண்டுபோன புள்ளட ராத்தா நீ. ஒனக்குத் தண்ணியக் கண்டா பயம் எண்டுறத நாங்க எல்லாரும் வெளங்கிக்கிட்டம். அது ஒரு பாசம் எண்டு நினைச்சம். இப்ப அதே தண்ணிக்க போய் நிண்டு விளையாடுறாய் எண்டு கேள்விப்பட்டா, மனசுக்கு என்னமோ மாதிரி இரிக்கி.”

ஹாஜறா போன பிறகும் சுபைறா அந்த இடத்திலேயே இருந்தாள். றுமானா வந்து வெளிச்சத்தைப் போட்டபோது, “மகள், நான் ஊர்ல இல்லாமப் போனன்” என்றாள். எதற்கு அதைச் சொல்லுகிறாள் என்று றுமானாவுக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் வாய்க்காலுக்குப் போகவில்லை. ஜவுபரும் வற்புறுத்தவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு வயலுக்குத் தனியாகப் போய்வரத் தொடங்கியிருந்தார். அவள் வீட்டில் இருப்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. சுபைறா சரியாகச் சாப்பிடவில்லை. சுளகில் அரிசியை வைத்துக்கொண்டு புடைக்காமல் இருந்தாள். ஒருநாள் கிணற்றடியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளைக் கண்டு ஜவுபர் தடியை விட்டுவிட்டு ஓடிவந்தார். ஓடிவந்த பிறகுதான் தான் ஓடினோம் என்பதே அவருக்குத் தெரிந்தது.

“என்ன புள்ள பாக்கிறாய்?”

“சும்மா.”

“இஞ்ச வா. வந்து இரி. எனக்கு ஒண்டுமே வெளங்குதில்ல சுபைறா. தண்ணிக்குப் பயந்து இரிந்த காலம் ஒன்ன எனக்குத் தெரியும். மழ வந்தா எங்க இரிப்பாய், என்ன சொல்லுவாய், எல்லாம் தெரியும். இப்ப நீ என்ன நினைக்கிறாய் எண்டு ஒரு மண்ணும் தெரியல்ல. நீ சுகமாகிட்டியா, இல்ல ஒனக்கு வேற வருத்தம் வந்திட்டா?”

சுபைறா கிணற்றுக் கட்டில் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“எனக்கும் தெரியா மச்சான். எல்லாரும் சுனாமியாலதான் பயம் எண்டாங்க. நான் கண்ணால காணல்லியே. கண்டிருந்தா பயப்படலாம். காணாத ஆளுக்கு என்ன பயம்? அப்பிடியும் பயந்தன். இப்ப பயம் போகுது. போகக்குள்ள, றாஹிலாவ நான் விட்டுட்டன் எண்டு ஹாஜறா ராத்தா சொல்லுறா. எனக்கும் அப்பிடித்தான் இரிக்கி. ஆனா தண்ணிக்க நிக்கிற நேரந்தான் அவள்ர ஞாபகம் நல்லா வருது. வீட்ட வந்தா போயிருது. இதுல எது சரி?”

ஜவுபரிடம் ஒரு செய்தி இருந்தது. அதைச் சொல்லுவதா விடுவதா என்று இரண்டு நாளாக வைத்திருந்தார்.

“நெல்லு முத்திட்டு. நாளைக்குப் பின்னேரம் துருசப் பூட்டுறாங்களாம். கனகரெத்தினத்தார் சொன்னார். பூட்டினா மடு வத்திரும். மறுகா மாரிக்குத்தான் தண்ணி.” தடி கிடந்த பக்கம் பார்த்தார். “தங்கச்சி ஏன் வாறல்ல எண்டும் கேட்டார்.”

மறுநாள் காலை இரண்டு பேரும் போனார்கள். றுமானாவுக்குப் பரீட்சை, அவள் வரவில்லை. றிஸ்மி றோட்டில் ஓட்டோவுக்குள் படுத்துக்கொண்டான். நெல் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. கச்சான் அடங்கி, காற்றில்லாமல் இருந்தது. கிடுகு மறைப்பில் ஒரு பக்கம் சரிந்துபோயிருந்தது. கனகரெத்தினம் அதை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார்.

“கடைசி நாள் எண்டு கட்டாம விடுவமா?” என்றவர், முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு அங்கால் போனார்.

ஜவுபர் படியின் மேல்கட்டில், தடியை மடியில் வைத்துக்கொண்டு, காலை மடக்கிக் குந்தினார். சுபைறா தனியாக இறங்கினாள். யாரையும் பிடிக்கவில்லை. கழுத்தளவில் போய் நின்று திரும்பி அவரைப் பார்த்தாள்.

“மச்சான், தலய விடப்போறன்.”

“ஒண்ணா புள்ள. இவ்வளவும் போதும்.”

“ஒருக்கா.”

“சுபைறா!”

அவள் கண்ணை மூடினாள். மூக்கைப் பிடித்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது. தலைச்சீலையின் ஓரம் மட்டும் கொஞ்சம் மிதந்து, பிறகு அதுவும் கீழே போனது. ஜவுபர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேலே வந்தபோது வாயால் மூச்சை இழுத்தாள். முகம் முழுக்கத் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் அவர் அவ்வளவு தண்ணீரைப் பார்த்தார். வேறு யாரோ மாதிரி இருந்தாள்.

“என்ன? என்ன நடந்த?”

“ஒண்டுமில்ல மச்சான்.”

“ஒண்டுமில்ல எண்டா?”

“உள்ளுக்கு ஒண்டுமே இல்ல. சத்தமும் இல்ல. றாஹிலா கத்தியிருப்பாள், கத்தியிருப்பாள் எண்டு நான் இவ்வளவு காலமும் நினைச்சிக்கிட்டு இரிந்தன். அந்தச் சத்தம் என்ட தலைமாட்டிலயே இரிந்த மாதிரி நினைச்சன். உள்ளுக்குப் போனா ஒரு சத்தமும் வாறல்ல. அமைதியா இரிக்கி.”

அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று ஜவுபருக்குத் தெரியவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. “அப்ப வா, வீட்ட போவம்” என்றார்.

“இன்னொருக்கா.”

அவர் வேண்டாம் என்று சொல்லுவதற்குள் அவள் போய்விட்டாள். இந்த முறை தலைச்சீலையும் தெரியவில்லை. மடுவின் மேலே ஒரு சுழி சுற்றிக் கலைந்தது. பிறகு தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் நெல்லும், கிடுகும், வானமும் அதில் தெரிந்தன. ஒரு மீன்கொத்தி துருசின் மேலே வந்து குந்தியது. ஜவுபர் வாய்க்குள் ஏதோ ஓதினார். எதை ஓதினார் என்று பிறகு கேட்டிருந்தால் அவரால் சொல்ல முடிந்திராது.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சுபைறா எழும்பினாள். இருமிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

ஜவுபர் அவளுக்கு எதிரே, இடுப்பளவுத் தண்ணீரில், சேட்டும் சாறனும் நனைய நின்றுகொண்டிருந்தார். கையில் தடி இல்லை. யாரும் பிடிக்கவும் இல்லை. அவளைத் தூக்குவதற்காக நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

“நீங்க எப்ப இறங்கின?”

அவர் குனிந்து தன்னைச் சுற்றிப் பார்த்தார். படியைத் திரும்பிப் பார்த்தார். தடி மேல்கட்டில் கிடந்தது.

“தெரியா” என்றார்.

“செருப்போடயா இறங்கின?”

அப்போதுதான் அதுவும் அவருக்குத் தெரிந்தது. ஒரு செருப்பு காலில் இருந்தது. மற்றது கழன்று, மடுவின் நடுவில் மெல்லச் சுற்றி, வாய்க்கால் ஓட்டத்தில் சேர்ந்து, கனகரெத்தினத்தின் வயல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பிடிக்கிற தூரந்தான். இரண்டு பேரும் பிடிக்கப் போகவில்லை. நீட்டிய அவருடைய கையைச் சுபைறா பிடித்துக்கொண்டாள். அந்தச் செருப்பு வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.